கேஸ் பில் ஒரே வருஷத்தில் 30 சதவீதம் ஏறிவிட்டது: ஃபர்னஸா, வீடா, குளிரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பனிவாசல்

1970களில் கட்டிய இரண்டு மாடித் தனி வீடு. கேஸ் ஃபர்னஸ் (காற்றைச் சூடாக்கி, டக்ட் என்ற குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும் சாதனம்), கேஸ் வாட்டர் ஹீட்டர். ஃபர்னஸில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ளே போவது மணிக்கு 1,00,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு), வெளியே வருவது 80,000 என்று போட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் எப்போதும் 21 டிகிரி. போன ஜனவரியில் 430 கன மீட்டர் கேஸ் ஓடியது, இந்த ஜனவரியில் 560. ஒருவர் ஃபர்னஸை மாற்று என்கிறார், இன்னொருவர் ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இறைக்கும் சாதனம்) போடு என்கிறார், மூன்றாமவர் ஜன்னல்களை மாற்றச் சொல்கிறார். மூன்றுமே பெரிய செலவு. எதிலிருந்து தொடங்குவது?

மீட்டர்கணக்கு

எதையும் வாங்காதீர்கள், முதலில் நான்கு விவரம் வேண்டும்.

ஒன்று, இரண்டு பில்களிலும் எத்தனை நாள் கணக்கு. சில மாதம் 28 நாள் வரும், சில மாதம் 34 நாள் வரும். அதிலேயே ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்துவிடும். இரண்டு, மீட்டரைப் பார்த்து எழுதிய அளவா, உத்தேச அளவா. மூன்று, ஜூலை மாதம் எவ்வளவு கேஸ் ஓடியது. நான்கு, இரண்டு ஜனவரிக்கும் உங்கள் ஊர் வானிலை நிலையத்தின் டிகிரி நாள் கணக்கு.

டிகிரி நாள் தெரியாதவர்களுக்கு: ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18-க்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியதோ அதுதான் அன்றைய டிகிரி நாள். சராசரி −7 என்றால் 25. மாதம் முழுவதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 21 வைத்திருக்கும்போது ஏன் 18-லிருந்து கணக்கு என்றால், மீதி மூன்று டிகிரியை வீட்டு மனிதர்கள், விளக்கு, அடுப்பு, ஜன்னல் வழி வரும் வெயில் எல்லாம் சேர்ந்தே கொடுத்துவிடும்.

பனிவாசல்

இரண்டுமே 31 நாள், மீட்டரைப் பார்த்து எழுதியதுதான். ஜூலையில் 50 கன மீட்டர். டிகிரி நாள் போன ஜனவரி 610, இந்த ஜனவரி 775.

மீட்டர்கணக்கு

பாதி விடை கிடைத்துவிட்டது. ஜூலையில் ஓடிய 50 முழுவதும் வெந்நீருக்கு. குளிர்காலத்தில் குழாய்க்கு வரும் தண்ணீரே 5 டிகிரி அளவில் இருப்பதால் 60 என்று வைத்துக்கொள்வோம்.

போன ஜனவரி: 430 − 60 = 370. அதை 610 ஆல் வகுத்தால் ஒரு டிகிரி நாளுக்கு 0.607 கன மீட்டர்.
இந்த ஜனவரி: 560 − 60 = 500. அதை 775 ஆல் வகுத்தால் 0.645.

ஆக உங்கள் 30 சதவீத ஏற்றத்தில் பெரும்பகுதி குளிர் செய்தது. வீடோ ஃபர்னஸோ கெட்டுப்போனதால் வந்தது 6 சதவீதம்தான் இருக்க முடியும், அதிலும் கொஞ்சம் காற்றடித்த நாட்களின் கணக்காக இருக்கும்.

இதே எண்ணிலிருந்து இன்னொன்றும் எடுக்கலாம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10.4 யூனிட், அதாவது 10.4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஃபர்னஸின் திறன் 80 சதவீதம். 0.645 × 10.4 × 0.8 = 5.37 யூனிட். அதை 24 ஆல் வகுத்தால் 0.224 கிலோவாட். வெளியே ஒரு டிகிரி இறங்கினால் உங்கள் வீடு கூடுதலாக இழப்பது 224 வாட். வெளியே −25 இருக்கும் இரவில் 18-லிருந்து 43 டிகிரி வித்தியாசம்: 43 × 224 = 9.6 கிலோவாட், மணிக்குச் சுமார் 33,000 பிடியூ.

உங்கள் ஃபர்னஸ் தருவதோ 80,000. தேவைக்கு இரண்டரை மடங்கு பெரிய சாதனம். புதிதாக மாற்றும் நாள் வரும்போது "பழையது ஒரு லட்சம் பிடியூ, புதியதும் ஒரு லட்சம் பிடியூ" என்று யாராவது விலை எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள், இந்த 33,000-ஐ அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொதிகலன்

கணக்கு சரியா இருக்கு. அந்த 6 சதவீதத்த நான் தேடுற வரிசைய சொல்றேன்.

முதல்ல ஃபில்டர். ஒரு அங்குல ஸ்லாட்ல மெர்வ் 13 (எண் கூடினா ஃபில்டர் நெருக்கம்) போட்டா காத்து நல்லா சுத்தமாகும்னு வாங்கிப் போட்டுடறாங்க. ஒரு அங்குலத் தடிமன்ல அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் காத்தோட்டத்த அடைச்சிடும். காத்து குறைஞ்சா ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயோட சூட்ட காத்துக்கு மாத்தற உலோகப் பகுதி) அதிகமா சூடாகி லிமிட் சுவிட்ச் பர்னர அணைச்சிடும், ஆறினதும் திரும்ப பத்தும். இப்படி அணைஞ்சு அணைஞ்சு எரியறப்ப திறன் போகுது, எக்ஸ்சேஞ்சர்லயும் சீக்கிரம் விரிசல் விடுது. ஒரு அங்குலத்துக்கு மெர்வ் 8 போதும், குளிர்காலத்துல மாசம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்கணும்.

ரெண்டாவது, மணிக்கு எத்தன தடவ பத்துதுன்னு எண்ணுங்க. −5 அளவுல இருக்கற நாள்ல மணிக்கு ஆறு தடவைக்கு மேல போனா ஒண்ணு காத்தோட்டம் குறைவு, இல்ல தெர்மோஸ்டாட்ல சைக்கிள் செட்டிங் தப்பு. சாதனம் பெருசா இருந்தாலும் இதே நடக்கும், உங்களது பெருசுதான்.

மூணாவது, ஆளில்லாத அறைல வென்ட்ட மூடி வச்சிருந்தா திறந்துடுங்க. அதுல ஒண்ணும் மிச்சமாகாது. டக்ட்ல அழுத்தம் ஏறி, இணைப்பு வழியா சூடான காத்து பேஸ்மென்ட் சுவருக்குள்ள போகும். டக்ட் இணைப்ப அடைக்க மாஸ்டிக் பசை பூசுங்க, இல்ல அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுங்க. துணி மாதிரி இருக்கற டக்ட் டேப் ஒட்டாதீங்க. சூட்டுல பசை காஞ்சு ரெண்டு வருஷத்துல உரிஞ்சு தொங்கும்.

பர்னர் பத்தி மூணு நாலு செகண்ட்ல அணைஞ்சு, மூணு தடவ முயற்சி பண்ணிட்டு லாக் ஆனா பெரும்பாலும் ஃப்ளேம் சென்சார்தான், தீ எரியுதான்னு பாக்கற கம்பி. கரண்ட்டையும் கேஸையும் அணைச்சிட்டு, ஒரே ஸ்க்ரூ, கழட்டி கம்பிய ரொம்ப மெல்லிசான ஸ்டீல் வூலால துடைச்சு மாட்டுங்க. சொரசொரப்பான உப்புத்தாள் வேண்டாம், கீறல்ல சீக்கிரம் படிவு ஏறும். மின்னோட்ட மீட்டர சென்சார் வயரோட தொடர் இணைப்புல வச்சு பார்த்தா 2 முதல் 6 மைக்ரோ ஆம்பியர் வரைக்கும் காட்டணும், 1-க்குக் கீழ போனா கன்ட்ரோல் போர்டு தீ இல்லன்னு முடிவு பண்ணிடும்.

குளிர்மின்

எல்லாம் சரி, ஆனால் 80 சதவீத ஃபர்னஸுக்கு ஃபில்டர் மாற்றிக்கொண்டே இருப்பதில் என்ன லாபம்? குளிர் நாடுகளுக்கென்றே வரும் ஹீட் பம்ப்கள் −25 வரை ஓடுகின்றன. வெளியே 8 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம், −15இல்கூட இரண்டுக்குப் பக்கத்தில். கேஸில் எந்த ஃபர்னஸும் ஒன்றைத் தாண்டாது. மாற்ற வேண்டியதை ஒரேயடியாக மாற்றிவிடுவதுதான் நல்லது.

மீட்டர்கணக்கு

> ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம்

இது உண்மை. பில் குறையுமா என்பது இரண்டு எரிபொருளின் விலை விகிதத்தைப் பொறுத்தது. கேஸ் விலையை (விநியோகக் கட்டணம், வரி உட்பட, கன மீட்டருக்கு ஏறும் எல்லாவற்றையும் சேர்த்து) 10.4 ஆல் வகுத்தால் கேஸில் ஒரு யூனிட்டின் விலை வரும். மின்சார யூனிட் விலையை அதனால் வகுத்து, ஃபர்னஸ் திறனால் பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு மேல் ஹீட் பம்பின் சி.ஓ.பி. (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்ற எண்) இருக்கும் நேரமெல்லாம் லாபம்.

மின்சாரம் கேஸைவிட நான்கு மடங்கு விலை என்றால், 80 சதவீத ஃபர்னஸுக்கு எதிராக 4 × 0.8 = 3.2 வேண்டும். கடும் குளிரில் அது கிடைக்காது, இளங்குளிரில் கிடைக்கும். இரண்டரை மடங்குதான் என்றால் 2.0 போதும், ஏறக்குறைய குளிர்காலம் முழுவதும் ஹீட் பம்ப் ஜெயிக்கும். நிலைக்கட்டணத்தை இதில் சேர்க்காதீர்கள். ஒரு கன மீட்டர் எரித்தாலும் அது வரும். கேஸ் இணைப்பையே துண்டித்தால் மட்டும் அந்தத் தொகை முழுவதும் மிச்சம்.

பனிவாசல் வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெப்ப இழப்பு 33,000-லிருந்து 24,000 ஆகக் குறைந்தால் வாங்க வேண்டிய ஹீட் பம்ப் ஒரு அளவு சிறியதாகும், வயரிங்கும் சிறியதாகும். அதனால் முதலில் வீடு, பிறகு சாதனம்.

குளிர்மின்

வரிசையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபர்னஸ் சாகும்வரை காத்திருந்தால் ஜனவரி நடுவில் அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்ட வேண்டி வரும். வெப்ப இழப்புக் கணக்கு, மின்பலகையில் இடம், வெளி யூனிட்டைப் பனிக்கு மேலே தூக்கி வைக்கும் ஸ்டாண்ட், டீஃப்ராஸ்ட் தண்ணீர் (வெளி யூனிட்டில் படியும் உறைபனி உருகி வருவது) நடைபாதையில் ஓடி உறையாத இடம், இவற்றை இந்தக் கோடையிலேயே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடம்

வீடு என்று வந்ததால் சொல்கிறேன். ஜன்னலை மாற்றுவது கடைசி. அதற்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதியை அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்) போட்டால் அதைவிட அதிகம் திரும்ப வரும்.

சூடான காற்று மேலே ஏறி அட்டிக் ஓட்டைகள் வழியாக வெளியேறும், அதே அளவு குளிர்காற்றைக் கீழே பேஸ்மென்ட் விளிம்பு வழியாக உள்ளே இழுக்கும். குளிர் கூடக் கூட இழுப்பும் கூடும். கீழ்த்தளத்தில் கால் சில்லிடுவதற்குக் காரணம் பல வீடுகளில் மேலே இருக்கிறது.

குளிரான, காற்றடிக்கும் நாளில் குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியோடு சுற்றி வாருங்கள். அட்டிக் கதவு, பேஸ்மென்ட் விளிம்புக் கட்டை (பேஸ்மென்ட் சுவரின் மேல் விளிம்பில் உள்ள மரக்கட்டை), வெளிச்சுவர் பிளக் பாயின்ட், குழாய் சுவருக்குள் நுழையும் இடம். புகை எங்கே வளைகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டிக்கில் ஏறி ஃபைபர் கிளாஸைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் கறுத்திருக்கும் இடம்தான் ஓட்டை. வருஷக்கணக்காக வீட்டுக் காற்று அந்த வழியே போய், தூசியை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கும். இன்சுலேஷன் காற்றை நிறுத்தாது, வடிகட்ட மட்டும்தான் செய்யும்.

அடைப்பதற்கு: 6 மில்லிமீட்டர் வரை கோல்க் (பிதுக்கிப் பூசும் அடைப்புப் பசை). அதற்கு மேல் கேன் ஃபோம். குழாய்கள் ஏறிவரும் பெரிய பொந்துக்கு விறைப்பான ஃபோம் பலகையை வெட்டி வைத்துச் சுற்றிலும் ஃபோம். ஃபர்னஸ் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடவே கூடாது. தகரத்தை வெட்டிப் பொருத்தி, அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட் போட வேண்டும். குழாயில் அச்சிட்டிருக்கும் இடைவெளிக்குள் இன்சுலேஷனும் போகக் கூடாது, அதற்குத் தகரத்தில் ஒரு காலர் கட்டுங்கள். அட்டிக் கதவுக்கு ஓரத்தில் வெதர் ஸ்ட்ரிப், மேலே 100 மில்லிமீட்டர் ஃபோம் பலகை, அழுத்திப் பிடிக்க இரண்டு கொக்கி.

அடைத்த பிறகுதான் மேலே கொட்ட வேண்டும். செல்லுலோஸ் அங்குலத்துக்கு ஆர் 3.5 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு) தரும், ஆர் 50 வர 14–15 அங்குலம். அடைக்காமல் கொட்டினால் என்ன ஆகும் என்றால், ஈரக்காற்று அதன் ஊடே ஏறிக் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் சொட்டும். கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்து கூரை ஓடுகளை மாற்றுவார்கள். கூரை ஓரத்தில் காற்று நுழையும் வழியை இன்சுலேஷன் அடைக்காமல் இருக்கப் பேஃபிள் என்ற தடுப்புத் தகடு வையுங்கள். குளியலறை ஃபேனின் குழாய் அட்டிக்குள்ளேயே முடிந்திருந்தால் வெளியே நீட்டிவிடுங்கள்.

பழைய வீட்டில் சாம்பல்-பொன் நிறத்தில் மினுங்கும் சிறுகல் போன்ற இன்சுலேஷன் இருந்தால் கை வைக்க வேண்டாம். அது வெர்மிகுலைட், ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பரிசோதித்த பிறகுதான் அடுத்த வேலை.

கொதிகலன்

மேல்மாடம் சொன்னத செஞ்சா, அன்னிக்கே இதையும் செய்யணும். தள்ளிப் போடாதீங்க.

பனிவாசல் வீட்டு வாட்டர் ஹீட்டர் புகை தானா மேல ஏறிப் போற வகையா இருந்தா, வீட்ட இறுக்கமா அடைச்சப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தப் புகைய திரும்ப வீட்டுக்குள்ள இழுக்கலாம். எல்லா ஜன்னல், வெளிக்கதவு மூடுங்க. சமையலறை ஹூட், குளியலறை ஃபேன், துணி டிரையர் எல்லாம் ஓடட்டும். வாட்டர் ஹீட்டர பத்த வச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க. டேங்க் மேல குடை மாதிரி இருக்கற தகரத்தோட விளிம்புல ஊதுபத்திய பிடிங்க. புகை உள்ள இழுத்துக்கிட்டு மேல போகணும். வெளில தள்ளினா ஹீட்டர அணைங்க, ஜன்னல திறங்க, டெக்னீஷியன கூப்பிடுங்க. சரி பண்றவரைக்கும் அத பத்த வைக்கக் கூடாது.

இன்னொண்ணு. பின்னாடி 95 சதவீத ஃபர்னஸ் போட்டா அதோட புகை பிவிசி குழாய்ல சுவர் வழியா போயிடும். பெரிய சிம்னில சின்ன வாட்டர் ஹீட்டர் மட்டும் தனியா நிக்கும். அவ்வளவு பெரிய சிம்னிய அதால சூடு பண்ண முடியாது, புகை பாதி வழில ஆறி தண்ணியாகி செங்கல தின்னும், இழுப்பும் போயிடும். சிம்னிக்குள்ள அளவுக்கேத்த லைனர் (உள்குழாய்) விடணும், இல்ல வாட்டர் ஹீட்டரயும் மாத்தணும். எஸ்டிமேட்ல இது இருக்கான்னு கேளுங்க. பல பேர் எழுதாம விட்டுடறாங்க.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு மாடிலயும், படுக்கையறைப் பக்கத்துல. பின்பக்கம் தேதி போட்டிருக்கும், காலாவதி ஆனத மாத்துங்க. பிவிசி குழாய் வெளில வர்ற இடத்துல பனி மூடாம பாத்துக்குங்க.

வாடகைவீடு

அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். அட்டிக்கும் இல்லை, ஃபர்னஸும் இல்லை. சுவரோரம் ஓடும் எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர்தான். இன்ஃப்ராரெட் ஹீட்டர் வாங்கினால் கரண்ட் பாதியாகுமா?

மீட்டர்கணக்கு

ஆகாது. செராமிக், ஆயில், இன்ஃப்ராரெட், பேஸ்போர்டு எதுவானாலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். 1,500 வாட் ஹீட்டர் தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 360 யூனிட். ஒரே அறையில் உட்கார்ந்து, மற்ற அறைகளை 16-க்கு இறக்கினால் மட்டும் மிச்சம். அப்படிச் செய்தால் ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் கார்டில் வேண்டாம், திரைச்சீலையும் மெத்தையும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பேஸ்போர்டு வழக்கமாக ஒரு அடிக்கு 250 வாட், ஆறடி என்றால் 1,500. அதன் சுவரில் இருக்கும் பழைய சுழற்றும் தெர்மோஸ்டாட் இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழும் ஆடும். குளிர்கிறது என்று கூட்டி வைப்பீர்கள், அது உச்சியிலேயே நிற்கும். வீட்டுக்காரரிடம் கேட்டு எலக்ட்ரானிக் வகையாக எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றச் சொல்லுங்கள். ஹீட்டர் மேல் சோபாவோ நீளத் திரைச்சீலையோ தொங்கக் கூடாது. பிரேக்கரை அணைத்துவிட்டு உள்தகடுகளில் தூசியை வாக்குவம் செய்யுங்கள்.

மேல்மாடம்

ஜன்னலுக்குச் சுருங்கும் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இரட்டைப் பக்க டேப் ஒட்டி, மேலிருந்து படலத்தை ஒட்டிக்கொண்டு வாருங்கள். பிறகு ஹேர் டிரையரை மூலையிலிருந்து நடுவுக்கு. ஈரச் சட்டத்தில் ஒட்டினால் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். ஆனால் வெளியேற அந்த ஜன்னல்தான் வழி என்றால் அதில் ஒட்ட வேண்டாம்.

நடைபாதைக் கதவின் அடியிடைவெளியை மட்டும் விசாரிக்காமல் அடைக்காதீர்கள். பல உயர் கட்டடங்களில் வீட்டுக்குள் புதுக்காற்று வருவதே அந்த இடைவெளி வழியாகத்தான்.

பனிவாசல்

இரவில் தெர்மோஸ்டாட்டை இறக்கினால், காலையில் திரும்பச் சூடாக்க அதைவிட அதிகம் எரியும் என்கிறார்களே?

மீட்டர்கணக்கு

எரியாது. வெப்ப இழப்பு உள்-வெளி வித்தியாசத்தைப் பொறுத்தது. வீடு 17இல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 21இல் இருப்பதைவிடக் குறைவாகவே இழக்கும். காலையில் கூடுதலாக எரிவது, இரவில் வீடு ஆறும்போது எரியாமல் விட்டதுதான். தினம் 8 மணி நேரம், 4 முதல் 5.5 டிகிரி இறக்கினால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. 13-க்குக் கீழே மட்டும் விடாதீர்கள், வெளிச்சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறையும்.

குளிர்மின்

ஹீட் பம்ப் வீட்டில் இதை அப்படியே செய்யாதீர்கள். காலையில் ஒரேயடியாக 4 டிகிரி கேட்டால் தெர்மோஸ்டாட் ஆக்ஸிலரி ஹீட்டைப் போட்டுவிடும், அது வெறும் மின்சுருள். இரவெல்லாம் மிச்சமானது அரை மணியில் போய்விடும். 1 டிகிரியோடு நிறுத்துங்கள், அல்லது குறிப்பிட்ட வெளிக்குளிருக்குக் கீழேதான் ஆக்ஸிலரி வர வேண்டும் என்று செட்டிங்கில் பூட்டுங்கள்.

கொதிகலன்

வெந்நீரையும் கணக்குல சேர்த்துக்குங்க. நிமிஷத்துக்கு 9 லிட்டர் ஷவர், பத்து நிமிஷம், 5 டிகிரித் தண்ணிய 40 ஆக்க 3.7 யூனிட் வெப்பம் வேணும். 6 லிட்டர் ஷவர் தலைக்கு மாறினா 2.4. டேங்க்க 60-க்குக் கீழ இறக்கி மிச்சம் பண்ணப் பாக்காதீங்க, லீஜியனெல்லாங்கற நோய்க்கிருமி வளரும். 60-லயே வச்சு, வெளில வர்ற இடத்துல பச்சத்தண்ணி கலக்கற மிக்ஸிங் வால்வ் போட்டா கையும் வேகாது.

கரண்ட் பில்லுல மூணு திருடன் இருக்கு. ஃபர்னஸ் ஃபேன "ஆன்"ல விட்டா பழைய மோட்டார் 400 வாட், மாசம் 288 யூனிட். "ஆட்டோ"ல வைங்க. கார் என்ஜினுக்கு மாட்டற பிளாக் ஹீட்டர், 400 வாட்னு வச்சா ராத்திரி பூரா 12 மணி நேரத்துக்கு 4.8 யூனிட். டைமர் போட்டு கிளம்பறதுக்கு 3 மணி நேரம் முன்ன ஓடவிட்டா 1.2 யூனிட், என்ஜினுக்கு அதுவே போதும். அப்புறம் கூரை ஓரத்து ஹீட் கேபிள், மீட்டருக்கு 16 வாட். 30 மீட்டர் ஓடினா நாளைக்கு 11.5 யூனிட். அங்க ஐஸ் கட்டறதுக்குக் காரணமே அட்டிக் ஓட்டைதான்.

பனிவாசல்

அட்டிக் ஓட்டையை அடைப்பதிலிருந்து தொடங்குகிறேன், அன்றே ஊதுபத்தி சோதனையும். சம தவணைத் திட்டத்தில் இருக்கிறேன், மாதாமாதம் ஒரே தொகை. வேலை பலித்ததா என்று பில்லில் எப்படித் தெரியும்?

மீட்டர்கணக்கு

தொகையைப் பார்க்காதீர்கள், கன மீட்டரைப் பாருங்கள். தவணைத் தொகை போன வருஷ அளவை வைத்துப் போட்டது, வருஷக் கடைசியில்தான் நேர் செய்வார்கள். அளவு குறைந்ததும் தவணையை மறுகணக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பில் தேதியன்று மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள், உத்தேச அளவு வந்தால் அதைக் காட்டித் திருத்தலாம். பிறகு அதே கணக்கு: கன மீட்டரிலிருந்து 60-ஐக் கழித்து, டிகிரி நாளால் வகுத்து, 0.645-உடன் ஒப்பிடுங்கள். தெர்மோஸ்டாட்டை இறக்கி வைக்கும் பழக்கத்தை அதே மாதத்தில் தொடங்காதீர்கள், எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க முடியாது. டிகிரி நாள் 300-க்குக் கீழே உள்ள மாதங்களை விட்டுவிடுங்கள், அங்கே வெந்நீரின் பங்கு பெரிதாகி விடை ஆடும். மூன்று கடுங்குளிர் மாதங்களும் சேர்ந்து 0.55-க்கு வந்தால் அட்டிக் வேலை நன்றாகப் பிடித்திருக்கிறது. 0.62-லேயே நின்றால் பேஸ்மென்ட் விளிம்புக் கட்டையை அடுத்துப் பாருங்கள்.